உப்பே குறையாத மிஷின்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 2 மாதம் ஒரு சாஃப்ட்னர், அதாவது தண்ணியில் இருக்கும் சுண்ணாம்பை எடுக்கும் மிஷின், நின்றது. அந்த 2 மாதமும் அதன் தொட்டியில் கொட்டிய உப்பு கொட்டியபடியே கிடந்தது. விற்றவரிடம் போனில் சொன்னேன். "பார்த்தீங்ளா சார், நம்ம மிஷினுக்கு உப்புச் செலவே கம்மிங்க" என்றார். நானும் சந்தோஷப்பட்டேன். பம்ப் கம்பெனி டெஸ்டிங் செக்‌ஷனில் 31 வருஷம் பிரஷர் கேஜைப் பார்த்தே தலை நரைத்தவன் நான். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

வீடு கோயமுத்தூர் கணபதியில். இந்த ஊர்க்காரர்களுக்கு இரட்டைக் குழாய் விவகாரத்தை விளக்க வேண்டியதில்லை. கார்ப்பரேஷன் விடுவது நல்ல தண்ணி, போரில் வருவது உப்புத் தண்ணி. நல்ல தண்ணி வருகிற நாளில் குடம், அண்டா, டிரம் எல்லாவற்றிலும் பிடித்து வைத்துக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொள்வோம். மற்றதற்கெல்லாம் 650 அடி போர்த் தண்ணிதான். கீழே நானும் வீட்டுக்காரியும் மகனும் மருமகளும், மாடியில் குடியிருப்பவர்கள் 3 பேர், ஆக 7 பேர்.

இந்தத் தண்ணியின் லட்சணத்தை வீட்டுக்காரி ஒரே வரியில் சொல்வாள்: "துவரம்பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, பக்கெட்டு வெளுக்காது." ஷவரில் பாதி ஓட்டை அடைந்து, தண்ணி நாலு பக்கமும் கோணலாக அடிக்கும். கீசரில் தண்ணியைச் சூடாக்கும் காயில் (கம்பிச் சுருள்) 3 வருஷத்தில் 2 தடவை போனது. இரண்டாவது காயிலைக் கழற்றி ஹாக்ஸா பிளேடால் அறுத்துப் பார்த்தேன். கம்பியின் மேல் கால் அங்குலத்துக்குச் சுண்ணாம்பு, பழைய சுவரில் பூச்சு மேல் பூச்சு போட்ட மாதிரி அடுக்கடுக்காக. தண்ணியில் கரைந்திருக்கிற கால்சியம், சூடு பட்டதும் சுண்ணாம்புக் கல்லாகப் பிரிந்து எது சூடாக இருக்கிறதோ அதிலேயே ஒட்டிக்கொள்கிறது. காயில் உள்ளுக்குள் வெந்து செத்துப்போகிறது.

முதலில் வாங்கியது காந்தம். பைப்பின் மேல் 2 பட்டைக் காந்தத்தை மாட்டி நட்டு முடுக்கிவிட வேண்டியதுதான். கரன்ட்டு வேண்டாம், உப்பு வேண்டாம், 4,500 ரூபாய். 6 மாதம் கழித்துக் கீசரைத் திறந்தேன், அதே சுண்ணாம்பு. விற்கிறவர்கள் இப்போது "ஹார்ட்னஸைக் குறைக்காதுங்க, ஒட்டாமப் பண்ணும்" என்று கவனமாகப் பேசுகிறார்கள். என் கீசரில் ஒட்டியது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

அடுத்துதான் அந்த 46,000 ரூபாய் ஆட்டோமேட்டிக் சாஃப்ட்னர். கம்பெனிப் பெயரைச் சொல்லப் போவதில்லை. மிஷின் மேல் தப்பில்லை என்பதும் ஒரு காரணம், அது எப்படி என்று பின்னால் வருகிறேன். விற்க வந்த பையன், தண்ணியில் மொத்தம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை, பேனா மாதிரி இருப்பதை, டம்ளரில் விட்டான். 1,450 காட்டியது. "ரொம்ப மோசமுங்க சார்" என்று உச்சுக் கொட்டினான். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டான். "5 பேர் மாடல் தாராளமாப் போதும், மூணு நாளைக்கு ஒருக்கா ராத்திரி 2 மணிக்கு அதுவே கழுவிக்கும், நீங்க தொடவே வேண்டாம்" என்றான். மறுவாரம் மாடியில் பொருத்திவிட்டுப் போனார்கள்.

இங்கே நான் செய்த முதல் தப்பு, அந்தப் பேனாவை நம்பியது. அது தண்ணியில் கரன்ட்டு எவ்வளவு ஓடுகிறது என்பதை வைத்து மொத்தக் கரைசலைக் கணக்குப் போடும் கருவி. கரைந்திருப்பது சமையல் உப்பா சுண்ணாம்பா என்று அதற்குத் தெரியாது. சாஃப்ட்னர் செய்கிற வேலையோ கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு அதற்குப் பதிலாகச் சோடியத்தை விடுவது, அவ்வளவுதான். போனதுக்கு ஈடாக ஒன்று வந்துவிடுவதால் டி.டி.எஸ். இறங்கவே இறங்காது. மிஷினில் நுழையும்போது 1,450 என்றால் வெளியே வரும்போதும் ஏறக்குறைய அதுதான். "எங்க சாஃப்ட்னர் போட்டா டி.டி.எஸ். பாதியாயிடும்" என்று யாராவது சொன்னால் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள். டி.டி.எஸ். குறைவது ஆர்.ஓ.வில். இரண்டு கம்பியைத் தண்ணியில் விட்டுக் கரன்ட்டு கொடுத்து, துருப்பிடித்த மாதிரிக் கலங்க வைத்துக் காட்டுகிறார்களே, அது தண்ணியின் அழுக்கு இல்லை. அந்த இரும்புக் கம்பியே கரைகிறது.

கேட்டிருக்க வேண்டியது கடினத்தன்மையை, அதாவது கால்சியமும் மக்னீசியமும் எவ்வளவு என்கிற ஹார்ட்னஸை. அதற்குச் சொட்டு மருந்து மாதிரி ஒரு கிட் இருக்கிறது, சில நூறு ரூபாய்தான். மிஷின் வந்து 2 மாதம் ஆகியும் பக்கெட்டில் வெள்ளை வட்டம் விழுவதைப் பார்த்துவிட்டு மருமகள் ஆன்லைனில் வரவழைத்துக் கொடுத்தாள். ஒரு ராத்திரி சமையல்கட்டு மேடையில் உட்கார்ந்தோம். சின்னக் கண்ணாடிக் குப்பியில் கோடு வரைக்கும் போர்த் தண்ணி பிடித்து, முதல் மருந்தில் சில சொட்டு விட்டு, பொடியைப் போட்டுக் குலுக்கினால் நாவற்பழச் சாறு மாதிரி ஒரு சிவப்பு. பிறகு கடைசி மருந்தை ஒவ்வொரு சொட்டாக விட்டு எண்ண வேண்டும். எங்கள் கிட்டில் ஒரு சொட்டுக்கு லிட்டருக்கு 20 மில்லிகிராம் கணக்கு. 10 சொட்டு, 20 சொட்டு, நிறம் அசையவில்லை. 30 தாண்டியதும் லேசாக ஊதா ஓடியது. 36ஆவது சொட்டில் டக்கென்று நீலம். 36-ஐ 20-ஆல் பெருக்கினால் 720.

இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 குடிதண்ணிக்கு 200 வரைக்கும் நல்லது என்கிறது, வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை சகித்துக்கொள்ளலாம் என்கிறது. எங்களுடையது அதையும் தாண்டி நிற்கிறது.

அப்புறம் மிஷினைத் தாண்டி வருகிற தண்ணியைச் சோதித்தோம். அதுவும் சிவப்பு. வீட்டுக்காரி பக்கத்தில் நின்று சத்தமாக எண்ணினாள். 33, 34, 35. "ஏனுங்க, ஒரு சொட்டு குறைஞ்சிருக்குதுங்க. 46,000 ரூவாய்க்கு ஒரு சொட்டு" என்றாள். நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

உப்புத் தொட்டியைத் திறந்து பார்த்தபோதுதான் மண்டையில் உறைத்தது. சாஃப்ட்னருக்குள் இருக்கிற ரெசின் என்பது தேன் நிறத்தில் கசகசா அளவு மணிகள். சுண்ணாம்பைப் பிடித்துப் பிடித்து அது நிரம்பிப் போனால் உப்புக் கரைசலை அதன் வழியாக விட்டுக் கழுவினால்தான் மறுபடி வேலை செய்யும். அந்தக் கரைசலை மிஷின் எப்படி இழுக்கிறது? இழுப்பதற்கென்று அதில் மோட்டார் கிடையாது. வால்வுக்குள் இன்ஜெக்டர் என்று ஒரு குறுகிய துவாரம் இருக்கிறது. தண்ணி அதில் வேகமாகப் பாயும்போது உண்டாகும் உறிஞ்சலில் கரைசல் வருகிறது. ஜெட் பம்ப்பின் அதே வேலை. நான் ஆயிரக்கணக்கில் டெஸ்ட் பண்ணி அனுப்பிய சமாச்சாரம். அதற்குப் பிரஷர் வேண்டும், இந்த மாதிரி வால்வுகளுக்குக் குறைந்தது ஒன்றரை பார். எங்கள் மாடித் தொட்டியில் இருந்து மிஷினுக்கு உயர வித்தியாசம் 2 மீட்டர். 10 மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு பார், 2 மீட்டருக்கு 0.2 பார். ராத்திரி 2 மணிக்கு மிஷின் எழுந்து, டைமர் சொன்னபடி வால்வைத் திருப்பி, ஒன்றையும் இழுக்காமல் திரும்பப் படுத்திருக்கிறது. 2 மாதமும் இதே கதை. உப்பு எப்படிக் குறையும்?

சரி, பிரஷர் பம்ப் ஒன்று வைத்தால் ஓடுமா என்று கணக்குப் போட்டேன். அங்கேயும் இடித்தது. ஒரு லிட்டர் ரெசின் நியாயமான உப்புச் செலவில் சுமார் 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். அந்த மிஷினில் இருந்தது 10 லிட்டர் ரெசின், அதாவது 500 கிராம். எங்கள் தண்ணியில் லிட்டருக்கு 0.72 கிராம். வகுத்தால் 694 லிட்டர். வாட்டர் மீட்டர் போட்டு ஒரு வாரம் பார்த்ததில் உப்புத் தண்ணி நாளைக்கு 800 லிட்டர் செலவாகிறது. ஆக, ஒழுங்காகக் கழுவிக்கொண்டாலும் அந்த மிஷின் ஒரு நாளைக்குக்கூடத் தாங்காது. மூணு நாளைக்கு ஒருக்கா என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 5 பேர் மாடலாம். பழனியில் 5 பேரும் கணபதியில் 5 பேரும் ஒரே தண்ணியிலா குளிக்கிறார்கள்?

கம்பெனிக்குப் போன் போட்டால் "பொருத்தின மிஷினைத் திருப்பி எடுக்கறதில்லைங்க" என்றார்கள். இன்னொன்றும் அன்றைக்குத்தான் கவனித்தேன். கழிவு ஓஸைக் கீழே இறக்கி எங்கள் மழைநீர் சேகரிப்புத் தொட்டியில் விட்டிருந்தார்கள். 2003-ல் அரசு கட்டாயமாக்கிய காலத்தில் நானே நின்று ஜல்லி, மணல் போட்டு வைத்த தொட்டி. மிஷின் ஒழுங்காக வேலை செய்திருந்தால் மூட்டை மூட்டையாக உப்பு எங்கள் போருக்கே திரும்பிப் போயிருக்கும். ஓடாத மிஷின் அந்த வகையில் உபகாரம் பண்ணியிருக்கிறது.

இப்போது இருப்பது இரண்டாவது செட், 14 மாதமாக ஓடுகிறது. பெரிய கம்பெனி இல்லை. ஊரிலேயே உதிரி வாங்கிச் சேர்த்துக் கொடுக்கும் ஒருவரிடம், என்ன வேண்டும் என்று நானே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துச் செய்து வாங்கினேன். 10 அங்குல விட்டம், 54 அங்குல உயரத்தில் ஃபைபர் வெசல், கடைக்காரர்கள் "பத்து அம்பத்திநாலு" என்பார்கள். உள்ளே 40 லிட்டர் ரெசின். மேலே, தண்ணி போகும் வழியை மாற்றுவதற்குக் கையால் திருப்பும் மல்டிபோர்ட் வால்வு. பக்கத்தில் 100 லிட்டர் உப்புத் தொட்டி. பிளம்பிங் கூலியோடு 21,500 ரூபாய். வெசலை ரெசினால் கழுத்து வரை நிரப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பேக்வாஷ், அதாவது தண்ணியைக் கீழிருந்து மேலாக விட்டுக் கழுவுவது, ஓடும்போது ரெசின் பொங்கி எழும், அதற்கு மேலே இடம் வேண்டும். இல்லையென்றால் மணிகள் சாக்கடைக்குப் போய்விடும்.

இடத்தையும் மாற்றினேன். போர்த் தண்ணி தரைத் தொட்டியில் விழுகிறது. அங்கிருந்து அரை எச்.பி. மோனோபிளாக் பம்ப் மாடிக்கு ஏற்றுகிறது. அந்த ஏற்றும் லைனில், மோட்டாருக்குப் பக்கத்திலேயே சாஃப்ட்னர். மோட்டார் ஓடும்போது கழுவினால் பிரஷருக்குப் பஞ்சமில்லை. மாடித் தொட்டியில் விழுவதே மெத்துத் தண்ணி, அதாவது கடினத்தன்மை போன தண்ணி.

கணக்கு இதுதான்: 40 லிட்டர் ரெசின், 2,000 கிராம் பிடிப்பு, அதை 0.72-ஆல் வகுத்தால் 2,777 லிட்டர். கொஞ்சம் கையில் வைத்துக்கொண்டு 2,500 லிட்டருக்கு ஒரு தடவை கழுவுகிறேன். எங்கள் செலவுக்கு மூன்று நாளைக்கு ஒரு முறை. தடவைக்கு 5 கிலோ உப்பு, மாதத்துக்கு 10 தடவை, ஆக 50 கிலோ மூட்டை ஒன்று. தூத்துக்குடிக் கல்லுப்புதான், பாக்கெட் தூள் உப்பு வேண்டாம். கழுவும்போது வீணாகும் தண்ணி தடவைக்கு 250 லிட்டர் சொச்சம், டிரம் வைத்து அளந்திருக்கிறேன். இது எனக்கும் உறுத்தல்தான். அதைச் செடிக்கு ஊற்றலாமா என்று கேட்காதீர்கள், உப்புக் கரைசல் அது. இப்போது பாதாளச் சாக்கடைக்குப் போகிறது.

கையால் கழுவுவது 40 நிமிஷ வேலை. முதலில் பேக்வாஷ், தெளிந்து வரும் வரைக்கும் 10 நிமிஷம். பிறகு உப்புக் கரைசல் மெதுவாக 20 நிமிஷத்துக்கு மேல். இதை அவசரப்பட்டு ஓட்டினால் ரெசின் ஊறாது, உப்பு வீண். கடைசியில் அலசல், ஓஸ் தண்ணியை நாக்கில் வைத்துக் கரிப்பு போனதா என்று பார்ப்பேன். ஒரு நாள் கல்யாணத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில் அலசாமலே வால்வைச் சர்வீஸுக்குத் திருப்பிவிட்டேன். உப்பு முழுக்க மாடித் தொட்டிக்கு ஏறிவிட்டது. மேல்வீட்டுத் தம்பி குளித்துவிட்டு வந்து, "அங்கிள், ராமேஸ்வரத்துல தீர்த்தமாடின மாதிரி இருக்குதுங்க" என்றான். தொட்டியைக் காலி செய்ய வேண்டியதாயிற்று.

வேலைக்குப் போகிறவர்கள் இதற்கு ஆசைப்படாதீர்கள். ஆட்டோமேட்டிக்கே வாங்குங்கள், ஆனால் நாள் கணக்கில் கழுவுவது வேண்டாம், ஓடிய லிட்டரை அளந்து கழுவும் வால்வாகக் கேளுங்கள். அது கழுவுகிற நேரத்தில் அந்த இடத்தில் எத்தனை பார் பிரஷர் இருக்கும் என்று விற்பவர் வாயால் சொல்ல வையுங்கள். சொல்லத் தெரியாதவர் என்றால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

பலன்? கிட்டில் பொடியைப் போட்டதுமே நீலம், ஒரு சொட்டுகூட விட வேண்டியதில்லை. துணி சோப்பு பாதிக்குக் கீழே குறைந்தது. ஷவரைச் சிட்ரிக் ஆசிடில் ஊறவைத்து ஒரு தடவை சுத்தம் செய்தேன், அதற்குப் பின் அடைக்கவில்லை. கீசரை 12 மாதம் கழித்துத் திறந்ததில் புதுக் காயிலில் கம்பி நிறம் தெரிகிறது. பழைய பைப்புக்குள் ஏற்கெனவே படிந்தது அப்படியேதான் இருக்கிறது, அதையெல்லாம் கரைத்துத் தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

குளிக்கும்போது முதல் வாரம் எல்லோரும் புகார் சொன்னார்கள், எத்தனை ஊற்றினாலும் சோப்பு போகாத மாதிரி வழவழவென்று. அது மெத்துத் தண்ணியின் குணம், பழகிவிடும். கறுப்புக் கிரானைட்டில் தண்ணி காய்ந்தால் இப்போதும் வெள்ளையாகத்தான் தெரிகிறது. டி.டி.எஸ். அப்படியே இருக்கிறதே, எங்கே போகும்? முன்பு சுரண்ட வேண்டும், இப்போது ஈரத்துணியால் துடைத்தால் போய்விடுகிறது. முடி கொட்டுவது நிற்கும் என்று முதல் மிஷின் விற்ற பையன் சொன்னான். மருமகள் இன்னும் சீப்பைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். எனக்குக் கொட்டுவதற்கு ஒன்றும் பாக்கி இல்லை, அதனால் சாட்சி சொல்ல முடியாது.

குடிக்க மட்டும் இதை எடுப்பதில்லை. 100 மில்லிகிராம் கடினத்தன்மையை எடுத்தால் 46 மில்லிகிராம் சோடியம் ஏறும். எங்கள் 720-க்கு லிட்டருக்கு 330 வருகிறது, ஏற்கெனவே இருக்கும் உப்புக்கு மேல். வீட்டுக்காரிக்குப் பிரஷர் மாத்திரை ஓடுகிறது. நல்ல தண்ணி தவறுகிற வாரத்தில் கேன் வாங்கிக்கொள்கிறோம். ஆர்.ஓ. வைத்திருப்பவர்கள் அதற்கு முன்னால் சாஃப்ட்னர் போடுவது நல்லது, அதில் வடிகட்டுகிற மெம்பரேன் சுண்ணாம்பு கட்டாமல் கூடுதல் நாள் உழைக்கும். தென்னைக்கும் கறிவேப்பிலைக்கும் சாஃப்ட்னருக்கு முன்னாலேயே டீ-ஜாயின்ட் போட்டுத் தனிக் குழாய் எடுத்துவிட்டேன். சோடியம் மண்ணைக் கெடுக்கும், செடிக்குச் சுண்ணாம்புத் தண்ணியே மேல்.

உங்கள் போரில் தண்ணி பிடித்து வைத்த கொஞ்ச நேரத்தில் பழுப்பாக மாறினால் அது இரும்பு. முதலில் அதற்கு ஒரு ஃபில்டர் போடாமல் சாஃப்ட்னர் பக்கமே போகாதீர்கள், இரும்பு ரெசினைக் கெடுத்துவிடும். சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு பாட்டில் கொடுத்துப் பாருங்கள். கிட்டைவிட விவரமான சீட்டு கிடைக்கும்.

அந்த 46,000 ரூபாய் மிஷின் என்ன ஆயிற்று என்றால், மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது. பீளமேட்டில் அபார்ட்மென்ட், மகளும் மாப்பிள்ளையும் இரண்டே பேர். அங்கே தண்ணி 15 சொட்டு, அதாவது 300. லைனில் எப்போதும் பம்ப் பிரஷர் இருக்கிறது. 10 லிட்டர் ரெசினுக்கு 1,666 லிட்டர் வரும், அவர்களுக்கு ஆறு நாள் தாராளம். "மாமா, அருமையான மிஷினுங்க, எப்படிங்க செலக்ட் பண்ணீங்க?" என்று மாப்பிள்ளை கேட்டார். நான் பதில் சொல்லும் முன்னால் வீட்டுக்காரி, "அவரு 31 வருஷம் டெஸ்டிங்ல இருந்தாருங்க மாப்பிள்ளை" என்றாள்.

இப்போது மோட்டார் ரூம் சுவரில் மீட்டர் அளவைச் சாக்பீஸில் எழுதி வைக்கிறேன். அதைப் பார்க்கிற வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். இன்றைக்குக் காலையில் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "2,480 ஆச்சுங்க, குடிச்சுட்டுப் போயி உப்பைக் கரைங்க" என்றாள். போக வேண்டும்.